நான்கு நிமிடத்தில் என் அப்பாவின் அறிவித்தலை வாசித்தவர் யார்?

ஐரோப்பிய ஆணையத்தில் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இணையத் தளங்களைக் கட்டுப்படுத்தும் இந்தச் சட்டம் நீங்கள் எழுதியது. அதை உங்களுக்கே விளக்கிக் காட்டும் எண்ணம் எனக்கில்லை. ஒரு தளம் பதிவொன்றை நீக்கினால் காரணம் சொல்லவேண்டும் என்கிறது 17ஆவது பிரிவு. முறையிட்டால் அதை இயந்திரத்திடம் மட்டும் விட்டுவிடாமல் தகுதியான ஆட்களின் மேற்பார்வையில் முடிவெடுக்கவேண்டும் என்கிறது 20ஆவது பிரிவு. 2024 பெப்ரவரி 17 முதல் இவை முழுதாக நடைமுறையில் இருக்கின்றன. எனக்கு இவை தெரியவந்தது கடந்த நவம்பரில்தான். தெரியாமலே இருந்திருக்கலாம்.

அப்பா ஒக்டோபரில் காலமானார். ஊரில் முப்பது வருடம் தபாற்கந்தோரில் வேலை செய்தவர், கடைசிக் காலத்தில் எங்களோடு டோர்ட்முண்டில் இருந்தார். 31ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கான அறிவித்தலை ஒரு பெரிய சமூகத் தளத்தில் போட்டேன். யாழ்ப்பாணம், ரொறன்ரோ, ஒஸ்லோ, பாரிஸ் என்று சிதறிக் கிடக்கும் சொந்தத்துக்கு இப்போது சொல்லியனுப்பும் வழி அதுதான். அப்பாவின் படத்தைச் சுற்றி என் பெறாமகள் செங்காந்தள் பூக்களை வரைந்து கொடுத்திருந்தாள்.

அந்தியேட்டிக்கு மூன்று நாள் முன்பு அறிவித்தல் காணாமற்போனது. ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் வந்தது. ஆபத்தான அமைப்புகளுக்கு ஆதரவு, அதனால் நீக்கம். தானியங்கி முறையில் கண்டறியப்பட்டதா? ஆம். தானியங்கி முறையில் முடிவெடுக்கப்பட்டதா? ஆம்.

எது குற்றமாகப் பட்டது? பூவா? மாவீரர் நாள் வரும் நவம்பர் மாதமா? 'இரண்டு வருடம் நோயோடு போராடி' என்ற வரியா? தளம் சொல்லவில்லை. பூவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அந்தப் பூவை விடுதலைப் புலிகள் இயக்கம் தன் அடையாளமாக எடுத்துக்கொண்டது, அந்த இயக்கம் 2006 முதல் உங்கள் தடைப்பட்டியலில் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அதே பூ தமிழ்நாட்டின் மாநில மலர். ஜிம்பாப்வேயின் தேசிய மலர். எங்கள் ஊர் வீட்டு வேலியில் மாரி மழைக்குத் தானாகப் படரும் கொடி. அறிவித்தலில் இருந்த இருபது வரியையும் தமிழ் தெரிந்த ஒருவர் ஒரு தடவை வாசித்திருந்தால், இது கடிதங்களுக்கு முத்திரை குத்திய ஒரு மனிதரைப் பற்றியது என்று விளங்கியிருக்கும்.

முறையிட்டேன். இரவு 11.52க்கு அனுப்பினேன், 11.56க்குப் பதில் வந்தது: மீளாய்வு செய்தோம், முடிவில் மாற்றமில்லை. நான்கு நிமிடம். அதற்குள் ஒரு தமிழர் கண் விழித்து, வாசித்து, யோசித்து, மேற்பார்வையாளரிடமும் கேட்டிருந்தால் அவருக்குச் சம்பள உயர்வு கொடுக்கச் சொல்லுங்கள்.

அறிவித்தல் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வோம், தொலைபேசியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டோம். அதன் கீழே வந்த இரங்கல்கள்தான் போய்விட்டன. அப்பாவோடு பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர், எண்பத்து மூன்று வயது, பேரனிடம் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யவைத்து நீளமாக எழுதியிருந்தார். வெள்ளத்தில் இருவரும் ஒரே சைக்கிளில் தபால் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போன கதை அது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். முதல் நாள் இரண்டு தடவை வாசித்தார். அடுத்த நாள் காலை கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டி, "தம்பி, அந்த சைக்கிள் கதையை எடுத்துத் தா" என்றார். எடுத்துக் கொடுக்க அங்கே ஒன்றுமில்லை. அந்தப் பெரியவரிடம் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டோம். சொன்னார், ஆனால் சைக்கிளும் பையும் மட்டும்தான் வந்தன. முதல் தடவை எழுதியது வேறு.

நிறுவனம் ஏன் இப்படிச் செய்கிறது என்பது விளங்காமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் மின்வணிக நெறிமுறையிலிருந்து கணக்கு ஒன்றுதான். சட்டவிரோதமானது தன்னிடம் இருக்கிறது என்று தெரியாதவரை தளத்துக்குப் பொறுப்பில்லை. தெரிந்தபின் உடனே எடுக்காவிட்டால் பொறுப்பு வரும். புதிய சட்டத்திலும் 6ஆவது பிரிவாக அதுவே தொடர்கிறது. பயங்கரவாத உள்ளடக்கம் என்று அதிகாரிகள் உத்தரவிட்டால் ஒரு மணி நேரத்தில் நீக்கவேண்டும் என்று 2021இல் இன்னொரு சட்டமும் போட்டீர்கள். விட்டுவைத்தால் ஆபத்து, தவறாக நீக்கினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அப்படியிருக்க, யார் உட்கார்ந்து தமிழ் வாசிப்பார்கள்?

இந்த இடத்தில்தான் உங்களிடம் வருகிறேன். மிகப் பெரிய தளங்கள் உள்ளடக்கத்தைப் பார்க்க எத்தனை பேரை வைத்திருக்கின்றன என்று மொழிவாரியாக அறிக்கை தரவேண்டும் என்கிறது 42ஆவது பிரிவு. நல்ல பிரிவு. ஆனால் மொழி என்றால் உறுப்பு நாடுகளின் அதிகாரபூர்வ மொழிகள் மட்டும். சுமார் ஐந்தரை லட்சம் மக்கள் வாழும் மால்டாவின் மொழிக்கும் கணக்கு உண்டு, இருக்கவும் வேண்டும். தமிழுக்கு? அரபிக்கு? துருக்கிய மொழிக்கு? கேட்கப்படவில்லை, அதனால் சொல்லப்படவில்லை. இங்கே ஜெர்மனியின் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஆயிரக்கணக்கில் கூடும் சனம் எந்த மொழியில் பேசுகிறது என்று ஒரு தடவை வந்து கேட்டுப் பாருங்கள். ஆபத்துகளை மதிப்பிடும்போது மொழி சார்ந்த விடயங்களையும் பார்க்கவேண்டும் என்று 34ஆவது பிரிவில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கிறேன்: தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு பெரிய தளத்திடமும் கேளுங்கள்.

அதே தளத்தில் இன்றும் ஒரு தமிழ் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவுக்கு வேலை விசா, நூறு சதவீத உத்தரவாதம், முற்பணம் மட்டும் அனுப்பினால் போதும். மூன்று தடவை முறையிட்டேன். விதிமீறல் எதுவும் இல்லையாம். பூவை அடையாளம் காணும் இயந்திரத்துக்குக் களவை அடையாளம் காண வரவில்லை. விளம்பரத்துக்குக் காசு வருகிறது, அந்தியேட்டிக்கு வருவதில்லை, அதுதான் வித்தியாசமோ என்னவோ. 2025 டிசம்பரில் எக்ஸ் தளத்துக்கு 12 கோடி யூரோ அபராதம் போட்டீர்கள். நீலக் குறி ஏமாற்றுகிறது, விளம்பரக் களஞ்சியம் வெளிப்படையாக இல்லை, ஆய்வாளருக்குத் தரவு கொடுக்கவில்லை என்று காரணம் சொன்னீர்கள். சரி, நியாயம்தான். நீலக் குறியைக் கவனித்த கண்ணுக்கு நான்கு நிமிட மீளாய்வும் தென்படும் என்று நம்புகிறேன். உலக வருவாயில் 6 சதவீதம் வரை அபராதம் போடும் அதிகாரம் கையில் இருக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது அபராதம்கூட இல்லை. எந்த மொழியில் எழுதப்பட்ட பதிவோ, அந்த மொழி தெரிந்த மனிதர் ஒருவர் முறையீட்டை வாசிக்கவேண்டும் என்று 20ஆவது பிரிவுக்கு வழிகாட்டுதல் வெளியிடுங்கள். தமிழ் போன்ற மொழிகளின் கணக்கையும் அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். நீக்கப்பட்ட பதிவின் கீழே மற்றவர்கள் எழுதியதை அந்தக் குடும்பம் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு வழி வையுங்கள்.

முடிந்தால் ஒக்டோபருக்கு முன் பதில் தாருங்கள். அப்பாவின் ஆண்டுத்திவசம் வருகிறது. அறிவித்தலுக்கு எந்தப் பூ வரையலாம் என்று பெறாமகள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாள்.

இப்படிக்கு,
ஒரு மகன்
டோர்ட்முண்ட், ஜெர்மனி