பிரிட்ஜுக்குக் கட்டை கொடுக்கும் முன்: கிட்டார் டெக்னீஷியன்களுக்கு ஒரு திறந்த மடல்

கிட்டார் செட்டப் செய்து தரும் எல்லோருக்கும், வணக்கம்.

உங்கள் கையை நம்பித்தான் என்னைப் போன்றவர்கள் வாசிக்கிறோம். அந்த உரிமையில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். தந்திகளைத் தாங்கி நின்று, ஒரு கம்பியால் (பார்) அசைத்தால் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமோலோ பிரிட்ஜை மரக்கட்டை வைத்து அசையாமல் பூட்டுகிறீர்களே, அதைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் என் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை எலெக்ட்ரிக் கிட்டாரில் ட்யூனிங் நிற்கவில்லை. ஒரு டெக்னீஷியனிடம் கொடுத்தேன். "ட்ரெமோலோவைப் பூட்டிவிடலாம், டோனும் நல்லா ஏறும்" என்றார். திரும்பி வந்த கிட்டாரில் ட்யூனிங் நின்றது உண்மைதான். ஆனால் ஆம்பில் (ஆம்ப்ளிஃபயர்) மாட்டியதும் ஒரே இரைச்சல். தந்தியைத் தொட்டால் அடங்க வேண்டிய இரைச்சல், தொட்டும் அடங்கவில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பிரிட்ஜிலிருந்து பாடிக்குள் இறங்கும் உலோகத் துண்டான பிளாக்குக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை, இரண்டும் பசையால் ஒட்டப்பட்டிருந்தன. ஸ்பிரிங் ஒன்றுகூட இல்லை. ஸ்பிரிங் மாட்டும் உலோகத் தகடான க்ளாவில் எர்த் வயர் மட்டும் சால்டர் செய்தபடியே நின்றது, எதனோடும் தொடர்பில்லாமல்.

உங்களில் பலருக்கு இதற்குள் காரணம் புரிந்திருக்கும். இந்த வகை கிட்டாரில் தந்திக்கு எர்த் கிடைப்பதே ஸ்பிரிங் வழியாகத்தான்: தந்தியிலிருந்து அது உட்காரும் சேடில், பிளாக், ஸ்பிரிங், க்ளா, அங்கிருந்து வயர். ஸ்பிரிங் போனால் அந்தப் பாதையே அறுந்துவிடும். வேறு ஸ்பிரிங் ஒன்றே ஒன்றை மாட்டினேன், இரைச்சல் அடங்கியது. ஒட்டிய கட்டையை எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. உளி வைத்துத் தட்டியதில் பாடியின் மரமும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. அந்த வடு இன்னும் இருக்கிறது.

கட்டை வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோதே இந்த பிரிட்ஜும் கூடவே வந்தது. ஒரு பக்கம் தந்திகளின் இழுப்பு, மறுபக்கம் ஸ்பிரிங்குகளின் இழுப்பு. பத்தாம் நம்பர் தந்தி செட் (மிக மெல்லிய தந்தி 0.010 அங்குலம்) போட்டு சாதாரண ட்யூனிங்கில் வைத்தால் தந்திகள் மட்டுமே ஏறத்தாழ 46 கிலோ இழுக்கும். கட்டையில்லாமல் மிதக்கும் பிரிட்ஜில் இந்த இரண்டும் சமமாக நின்றால்தான் சுருதி நிற்கும். ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் ஏறிவிடும். ஒரு தந்தியை வளைத்துக்கொண்டே பக்கத்துத் தந்தியை ஒலிக்கவிட்டால் அது இறங்கிவிடும். வாம்மி பார் என்கிற அந்தக் கம்பியைத் தொடாதவருக்கு இதெல்லாம் வீண் தொல்லை. அவருக்குக் கட்டை வைத்துக் கொடுங்கள், நானே கேட்டு வாங்குவேன்.

ஆனால் எந்தப் பக்கம் வைக்கிறீர்கள் என்பதை அவரிடம் சொல்லுங்கள். பிளாக்குக்கும் கழுத்துக்கு எதிர்முனையான அடிப்பக்கச் சுவருக்கும் நடுவே வைத்தால் பார் கீழே போகாது, தந்தியை வளைக்கும்போதும் சுருதி இறங்காது. ஸ்பிரிங் பக்கம் வைத்தால் பார் மேலே வராது, தந்தி அறுந்தாலும் மற்றவை ஏறாது. அந்தப் பக்கம் மட்டும் வைத்துக்கொண்டு பாரைக் கீழே அமுக்கி வாசிப்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அடைத்துவிட்டால் அவர்களுக்கு அந்த வழியும் போய்விடும்.

இனி டோன், அதாவது ஒலியின் தன்மை. என் மனத்தாங்கல் இதில்தான். "கட்டை வைத்தால் சஸ்டெயின் (ஒலி நீண்டு நிற்பது) கூடும், சத்தம் கனமாகும்" என்று எல்லோருக்கும் ஒரே வாக்கு கொடுக்கிறீர்கள். பாதி உண்மை இருக்கிறது. மிதக்கும் பிரிட்ஜ் தந்தியோடு சேர்ந்து கொஞ்சம் ஆடும், அந்த ஆட்டம் தந்தியின் சக்தியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பிளாக்கை மரத்தோடு இறுக்கினால் அந்த ஆட்டம் நிற்கும். ஆம்ப் இல்லாமல் வாசிக்கும்போது எனக்கு அது தெளிவாகவே கேட்டது: மீட்டும்போது வரும் முதல் ஒலி இறுகி, பாடி கொஞ்சம் கூடுதலாக அதிர்ந்தது. ஆம்பில் மாட்டியபோது வித்தியாசம் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை நிறைய வைத்தபோது எது எது என்று என்னால் பிரித்துச் சொல்லவே முடியவில்லை.

இன்னொன்று, ஸ்பிரிங்கின் ஓசை. ஒரு கார்டை அடித்துச் சட்டென்று தந்திகளை உள்ளங்கையால் அடக்குங்கள். பின்பக்கத்திலிருந்து மெலிதாக ஒரு 'ஜிங்' கேட்கும், சின்ன எதிரொலி மாதிரி. அதைத் துறுதுறுப்பு என்று விரும்புகிறவர்கள் உண்டு, தொல்லை என்பவர்களும் உண்டு. கட்டை வைத்தாலும் ஸ்பிரிங் உள்ளே இருக்கும்வரை அது முழுதாகப் போகாது. அதை அடக்க ஸ்பிரிங்குகளின் நடுவே ஒரு துண்டு ஸ்பான்ஜ் செருகினாலே போதும்.

அப்புறம், கட்டை வைக்கும் அன்றே பழைய தந்தியைக் கழற்றிப் புதுசு போடுகிறீர்கள், தந்தியின் உயரத்தை, அதாவது ஆக்‌ஷனை மாற்றுகிறீர்கள், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் உயரத்தையும் தொடுகிறீர்கள். புதுத் தந்தி எப்படியும் பளிச்சென்றுதான் ஒலிக்கும். பிக்கப் கொஞ்சம் மேலே வந்தாலே சத்தம் கனக்கும். அத்தனை பெருமையும் மரக்கட்டைக்குப் போய்விடுகிறது. கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் தன் ஸ்ட்ராட்டில் கட்டை வைத்துப் பூட்டினார். இன்னொரு கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் மிதக்க விட்டு, பாரையே குரல் மாதிரி பேச வைத்தார். இருவரில் யாருடைய டோன் குறைந்தது?

வாசிப்பவர் தன் காதாலேயே முடிவு செய்ய ஒரு வழி செய்து கொடுங்கள். புதுத் தந்தி போட்டு, மற்ற செட்டப் வேலையெல்லாம் முடித்து, சுருதி சேர்த்து, பிரிட்ஜ் சமநிலையில் நின்ற பிறகு கட்டையை அளவெடுத்து இழையுங்கள். ட்யூனரைப் பார்த்துக்கொண்டே செருகுங்கள். அடிப்பக்கக் கட்டை தடித்திருந்தால் சுருதி ஏறும், ஸ்பிரிங் பக்கக் கட்டை தடித்திருந்தால் இறங்கும். முள் நகராமல் கட்டை இறுக்கமாக உட்கார்ந்தால் அளவு சரி. அப்படி உட்கார்ந்த கட்டைக்குப் பசையே வேண்டாம், தந்தியைக் கழற்றாமலே எடுக்கலாம், வைக்கலாம். அதே தந்தி, அதே பிக், அதே ஆம்பில் கட்டையோடும் கட்டை இல்லாமலும் இரண்டு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அவரே சொல்லட்டும்.

ஒரு ஸ்பிரிங்காவது உள்ளே இருக்கட்டும். எல்லாவற்றையும் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் எர்த் வயரைப் பிளாக்கோடு சேர்த்துவிடுங்கள். கழற்றிய ஸ்பிரிங்குகளையும் பாரையும் ஒரு கவரில் போட்டுக் கிட்டாரோடு திருப்பிக் கொடுங்கள். எனக்கு அவை திரும்ப வரவே இல்லை.

அன்புடன்,
கிட்டார் வாசிக்கும் ஒருவன்