ஊரில் வீடு கட்ட வளைகுடாவிலிருந்து கருவி கொண்டுவருவோருக்குத் திறந்த மடல்

கொத்து, டைல்ஸ், பிளம்பிங், எலெக்ட்ரிக்கல் என்று வளைகுடாவில் வேலை பார்த்து, சொந்த வீடு கட்ட ஊர் திரும்பும் உறவுகளே,

வணக்கம். எந்தக் கருவியையும் பெட்டியில் வைக்குமுன் அதன் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். வோல்ட், ஹெர்ட்ஸ் (கரண்ட் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு) இரண்டும் அதில் இருக்கும். துபாய், கத்தார், ஓமான், குவைத் எல்லாம் நம்மூர் மாதிரி 50 ஹெர்ட்ஸ். சவூதி மட்டும் 60. கார்பன் பிரஷ் (சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கடத்தும் கரித்துண்டு) போட்ட கிரைண்டர், டிரில், ஹேமர் டிரில் ஆகியவற்றுக்கு இந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது. தண்ணீர் மோட்டார், கம்ப்ரஸர், கலவை மெஷின் மோட்டார் அப்படியல்ல. பிரஷ் இல்லாத இந்த மோட்டார்களின் சுற்று ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டே ஓடும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த பம்ப் நம்மூர் கரண்டில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். தண்ணீர் ஏற்றும் உயரமோ அதைவிட மோசமாக, 30 மீட்டரிலிருந்து ஏறக்குறைய 21 மீட்டருக்கு இறங்கிவிடும். போதாததற்கு, இரும்புக்கருவில் காந்தம் அளவுக்கு மீறி ஏறி, சுமை இல்லாமலே மோட்டார் சுடும். "50/60" என்று தகட்டில் இல்லாத பம்பை அங்கேயே விற்றுவிடுங்கள்.

சவூதியின் பழைய வீடுகளில் 127 வோல்ட் கருவிகளும், சைட்டுகளில் மஞ்சள் பிளக் போட்ட 110 வோல்ட் கருவிகளும் மலிவாகக் கிடைக்கும். நம்மூர் 230 வோல்ட்டில் செருகினால் சில நொடிகளில் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். தனி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிச் சுமப்பதற்குப் புதுக் கருவியே மேல்.

அங்குள்ள சதுரக்கால் பிளக்கில் ஒரு ஃபியூஸ் இருக்கும்; வெட்டிவிட்டு நம்மூர் பிளக் போடும்போது அது போய்விடும். 2,000 வாட் கருவி 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அதனால் 16 ஆம்பியர் பிளக்தான் போட வேண்டும். மூன்று கம்பி வந்தால் பச்சை மஞ்சள் எர்த்தைக் கட்டாயம் இணையுங்கள்.

கிரைண்டரில்தான் பயம் அதிகம். நம்மூர் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது நாலு இஞ்ச் வீல், நடு ஓட்டை 16 மில்லி. அங்கிருந்து வரும் 115, 125 மில்லி மெஷினுக்கு ஓட்டை 22.23 மில்லி. வீல் பொருந்தவில்லை என்று ஓட்டையை ராவிப் பெரிதாக்குகிறார்கள். மையம் தப்பிய வீல் வெடிக்கும். வீலை மூடியிருக்கும் பாதுகாப்புக் கார்டைக் கழற்றி 7 இஞ்ச் வீல் மாட்டுவது அதைவிடக் கொடுமை. அந்த வீல் தாங்குவது நிமிடத்துக்குச் சுமார் 8,500 சுற்று. சின்ன மெஷின் சுற்றுவதோ 11,000. தெறிக்கும் துண்டு கழுத்தில் பாயும். வேலைக்குத் தேவையான வீல்களை அங்கிருந்தே கொண்டுவாருங்கள், கார்டைக் கழற்றாதீர்கள்.

பேட்டரி கருவி என்றால் கருவி செக்-இன் பெட்டியில், கழற்றிய பேட்டரி கைப்பையில். முனைகளில் டேப் ஒட்டுங்கள். வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்கினால் வாட் அவர்: 18 வோல்ட், 5 ஆம்பியர் அவர் என்றால் 90. நூறு வரை பொதுவாகச் சிக்கல் இல்லை. 6 ஆம்பியர் அவர் பேட்டரி 108 ஆகிவிடும். விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், உபரியாக இரண்டுக்கு மேல் விடமாட்டார்கள். பிவிசி பசை, தின்னர், ஸ்பிரே ஃபோம் ஆகியவற்றை எந்தப் பெட்டியிலும் பையிலும் வைக்கக் கூடாது.

டைல்ஸ் கட்டரின் தண்டவாளம் ஒரு மில்லி வளைந்தாலும் ஓடு கோட்டை விட்டு உடையும். கைப்பிடியைக் கழற்றி, தண்டவாளத்தை நேரான பலகையோடு சேர்த்துக் கட்டுங்கள்.

சுங்கத்தில், வரியில்லா வரம்பு ஆளுக்கு ஆள் தனி. மனைவியின் வரம்பையும் உங்களுடையதையும் ஒரே கருவிக்குச் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது. பின்னால் தனியாக வரும் கார்கோவுக்கு அந்தப் பொது வரம்பு பொருந்தாது. வெளிநாட்டில் தொழில் செய்து திரும்புவோருக்குத் தங்கிய காலத்தைப் பொறுத்துக் கூடுதல் சலுகை உண்டு, அதற்குப் பாஸ்போர்ட் முத்திரைகளே சான்று. தொகைகள் மாறுவதால் டிக்கெட் எடுக்கும் வாரத்தில் சுங்கத்துறை இணையதளத்தைப் பாருங்கள். ஒரே மாதிரி நாலு கிரைண்டர் பெட்டி பிரிக்காமல் இருந்தால் விற்பனைச் சரக்கு என்ற சந்தேகம் வரும். வரம்பைத் தாண்டினால் சிவப்பு வழியில் போய் நீங்களே சொல்லுங்கள். கருவியின் பெயர், சீரியல் எண், வாங்கிய ஆண்டு, விலை எழுதிய பட்டியலையும் பில்களையும் பெட்டிக்குள் போட்டுவிடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.