மீனாவுக்கு, மூணு மாச பாக்கி

மான்ட்ரியல்
பிப்ரவரி 2025

அடியே மீனா,

தீபாவளிக்கு நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜுக்கே இன்னும் பதில் போடல, கோபமா இருப்பேன்னு தெரியும், திட்டணும்னா திட்டு, ஆனா முழுசா படிச்சிட்டு திட்டு. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு அண்ணி சொன்னாங்க, நான் விசாரிச்சேன்னு சொல்லு. இங்க எல்லாரும் சௌக்கியம். அவருக்கு அதே ஆபீஸ் அதே புலம்பல். வெளிய மைனஸ் 18.

விஷயம் என்னன்னா நான் ஸ்னோபோர்டு கத்துக்கறேன்டி, பனிச்சரிவுல பலகைல நின்னு வழுக்கிட்டு இறங்கற விளையாட்டு. 44 வயசுல. சின்னவளை சனிக்கிழமை கிளாஸ்ல சேர்த்தோம், மான்ட்ரியல்ல இருந்து வடக்க ஒரு மணி நேரம், லாரன்ஷியன்ஸ்னு மலைத்தொடர். ரெண்டு வாரம் கீழ கண்ணாடி ரூம்ல உக்காந்து காபி குடிச்சிட்டு பார்த்துட்டே இருந்தேன், மூணாவது வாரம் தாங்கல, நானும் ஒரு போர்டு வாடகைக்கு எடுத்துட்டேன். கத்துக்கற சரிவு நம்ம மலைக்கோட்டைல பாதி உயரம்கூட இல்ல, ஆனா மேல நின்னு கீழ பார்த்தா வயிறு கலங்குது.

ரெண்டு காலையும் ஒரே பலகைல பூட்டிடறாங்க, அதான் இதுல பெரிய விஷயமே, கால் தடுமாறுனா இன்னொரு காலை எடுத்து வைக்கற பழக்கம் பிறந்ததுல இருந்து இருக்குல்ல, அது இங்க செல்லாது. முதல்ல குதிகால் பக்கம் பலகையை அழுத்தி, சரிவுக்கு குறுக்க நின்னு மெதுவா வழுக்கணும். அப்புறம் இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம், மரத்துல இருந்து இலை உதிர்ற மாதிரி ஆடி ஆடி இறங்கணும். பலகையோட கீழ்ப்பக்க விளிம்பு பனில குத்திச்சோ போச்சு, என்ன நடந்துச்சுன்னு தெரியறதுக்குள்ள தரைல கிடப்ப. முதல் நாள் பதினேழு தடவை, சின்னவ எண்ணுனா. விழும்போது உள்ளங்கையை ஊன்றாத, கையை மூடிக்கோ, மணிக்கட்டு உடையும்னு சொல்லித் தந்தாங்க. முதுகுக்கு கீழ இன்னும் வலிக்குது, தைலம் தேய்ச்சிட்டுதான் எழுதறேன். ஆனா போன சனிக்கிழமை விழாம கீழ வரைக்கும் வந்தேன் பாரு, நீ பக்கத்துல இருந்திருந்தா கட்டிப்பிடிச்சிருப்பேன்.

சொல்லித் தர்ற பொண்ணைப் பத்திதான் இந்த லெட்டரே. இருபத்திரண்டு இருக்கும், பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை. "காலைப் பார்க்காதீங்க, எங்க போகணுமோ அங்க பாருங்க"ன்னு நூறு தடவை சொல்லும், நூறாவது தடவையும் முதல் தடவை மாதிரியே சொல்லும். மலைல எல்லாரும் ஹெல்மெட், மூக்கு வரைக்கும் துணி, பெரிய கண்ணாடி, அதனால ரெண்டு வாரமா கண்ணைத் தவிர அதோட முகமே எனக்குத் தெரியாது. அப்புறம் ஒருநாள் குடிசைல சூடா சாக்லேட் குடிக்கும்போது ஹெல்மெட்டை கழட்டுச்சு. உள்ள கறுப்பு ஹிஜாப். டீச்சருக்கு படிக்குதாம், நாலு வருஷப் படிப்பு, இது கடைசி வருஷம். எந்த ஸ்கூல்ல சேரப்போறேன்னு சாதாரணமா கேட்டேன். "இங்க முடியாது, ஒட்டாவா போறேன்"னுச்சு.

எனக்கு அப்பதான் உறைச்சுது. 2019 ஜூன்ல நாங்க இருக்கற கியூபெக் மாகாணத்துல சட்டம் 21ன்னு ஒண்ணு பாஸ் பண்ணாங்க. அரசுப் பள்ளி டீச்சர், பிரின்சிபால், போலீஸ், அரசு வக்கீல், இவங்கள்லாம் வேலை நேரத்துல மத அடையாளம் போடக்கூடாது. ஹிஜாப், டர்பன், யூதர்களோட குல்லா, கழுத்துல சிலுவை எல்லாம்தான். ஒட்டாவா பக்கத்து மாகாணம், அங்க இந்த சட்டம் கிடையாது. ஏற்கெனவே வேலைல இருந்தவங்க அதே ஸ்கூல் போர்டுல அதே வேலைல இருக்கற வரைக்கும் போட்டுக்கலாம். பெரியவளோட மேத்ஸ் மேடம் அப்படித்தான் ஸ்கார்ஃபோட வர்றாங்க, ஆனா பிரின்சிபால் ஆகணும்னா கழட்டணும். பிள்ளைங்களுக்கு இந்தத் தடை கிடையாது. 2006லயே ஒரு சீக்கியப் பையன் கிர்பானை, அதான் அவங்க மத அடையாளமா வச்சுக்கற கத்தி, உறைல போட்டு தைச்சு, துணிக்குள்ள வச்சு ஸ்கூலுக்கு வரலாம்னு கனடா சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிடுச்சு. நம்ம சின்னவ விபூதி வச்சிட்டுதான் போறா, யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஹிஜாப் போட்டுட்டு வர்ற குழந்தை வளர்ந்து படிச்சு டீச்சரா திரும்பி வந்தா மட்டும் கழட்டிட்டு வான்னா என்னடி அர்த்தம்?

பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட கேட்டேன், எண்பது வயசு, இந்த சட்டத்துக்கு ஆதரவு. அவங்க சின்ன வயசுல ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாமே சர்ச் கைலதானாம், இந்த மாகாணத்துக்கு கல்வி அமைச்சகமே 1964லதான் வந்துச்சு, 2000 வரைக்கும் அரசுப் பள்ளிகளுக்கு கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட்னு முத்திரை இருந்திருக்கு. சட்டசபைல 1936ல மாட்டுன சிலுவையைக்கூட இந்த சட்டத்துக்கு அப்புறம்தான் இறக்குனாங்க. "அதுல இருந்து வெளிய வர நாங்க பட்ட பாடு உனக்குத் தெரியாது"ன்னாங்க. அந்த வலி நிஜம்தான், நான் மறுக்கல. ஆனா அன்னிக்கு மதம் கைல இருந்தது பாடத்திட்டம், பணம், அதிகாரம் எல்லாம். இந்தப் பொண்ணு கைல இருக்கறது ஒன்றரை முழத் துணி. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்க என் மனசு ஒப்பல. போன வருஷம் அப்பீல் கோர்ட்டும் சட்டம் செல்லும்னுடுச்சு, போன மாசம்தான் சுப்ரீம் கோர்ட் கேஸை விசாரிக்க ஒத்துக்கிச்சு. தீர்ப்பு வர்றதுக்குள்ள இது ஒட்டாவால வேலைக்கே சேர்ந்திருக்கும்.

நம்ம கணக்கு சிஸ்டரை நினைச்சுக்கிட்டேன். தலை முதல் கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு, இடுப்புல ஜெபமாலை, நமக்கு அல்ஜீப்ராவைத் தவிர வேற எதையாவது திணிச்சாங்களா? உங்கம்மா சமயபுரத்து பிரசாதம் கொடுத்துவிட்டா ஸ்டாஃப் ரூம்ல பங்கு போட்டு சாப்பிடுவாங்களே.

அதோட நிறுத்தியிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேன். அன்னிக்கு ராத்திரி நம்ம கூடப் படிச்ச நூரு ஞாபகம் வந்துடுச்சு மீனா. கேட்டுக்கு உள்ள நுழைஞ்சதும், அந்த வேப்பமரத்தடில நின்னு துப்பட்டாவை தலைல இருந்து எடுத்து, நாலா மடிச்சு, ஜியோமெட்ரி பாக்ஸுக்கு அடியில வச்சிட்டு வருவா, ஞாபகம் இருக்கா? ஏழு வருஷம். நம்ம ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு பையைப் பிடிச்சுக்குவோம், பெல் அடிச்சிடும் சீக்கிரம் சீக்கிரம்னு அவசரப்படுத்துவோம். ஒருநாள்கூட உனக்கு எப்படி இருக்குன்னு கேட்டதில்லயே. அதே சிஸ்டர்தான் கேட்ல நிப்பாங்க, அவங்களும் கேட்டதில்ல. இந்தப் பொண்ணுக்காக இங்க பொங்கறேன், அன்னிக்கு நூரு நம்ம கையெட்டுற தூரத்துல நின்னா.

நூருவை தஞ்சாவூர்ல கட்டிக் கொடுத்தாங்கன்னு கேள்வி, அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல. உன் தங்கச்சிக்கு அவ தம்பி வீட்டோட பழக்கம் உண்டுல்ல, கேட்டு நம்பர் வாங்கி அனுப்பு. என்ன பேசப்போறேன்னு தெரியல, முதல்ல குரலைக் கேட்கணும்.

இந்த சனிக்கிழமை விரல் பக்க விளிம்பாம். மலையைப் பார்த்து நின்னு, இறக்கத்துக்கு முதுகைக் காட்டி இறங்கணும். பயமாத்தான் இருக்கு. நம்பரை மறந்துடாத.

உன்
செல்வி