கியர் எண்ணெயின் பெயரைப் பற்றுச்சீட்டில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் பழைய ஒட்டோமற்றிக் கார் வைத்திருப்பவர்கள் ஒரு தடவையாவது கேட்டிருக்கக்கூடிய அறிவுரை ஒன்று உண்டு. "கியர் ஒயிலில் கை வைக்காதீர்கள், மாற்றினால் கியர் பொக்ஸ் போய்விடும்" என்பதே அது. கராஜில் சொல்வார்கள், வாகனத்தை விற்றவர் சொல்வார், அயல் வீட்டுக்காரரும் அதையே உறுதியாகச் சொல்வார். இயந்திரங்களோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்ற வகையிலும், இந்த அறிவுரையை நம்பி நல்ல வாகனங்களை இழந்த உறவினரையும் நண்பர்களையும் கண்டவன் என்ற வகையிலும், இது பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அனுமதித்த பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் என்பது நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத பொருளாகவே இருக்கிறது. ஆகவே 2003இலோ 2008இலோ ஜப்பானில் உற்பத்தியாகி, அங்கே சில ஆண்டுகள் ஓடி, பிறகு நம் நாட்டுக்கு வந்த கொரோலா, அலியன், பிரீமியோ, ஃபிட், மார்ச் போன்ற கார்கள்தான் இன்னும் பல ஆண்டுகளுக்குப் பிள்ளைகளைப் பாடசாலைக்கும் முதியவர்களை வைத்தியசாலைக்கும் கொண்டுசெல்லப் போகின்றன. இவற்றின் என்ஜின் ஒயிலை உரிய காலத்தில் மாற்றுவதில் நம்மவர்கள் கவனமாகவே இருக்கிறார்கள். ஆனால் கியர் பொக்ஸுக்குள் இருக்கும் எண்ணெய், வாகனம் துறைமுகத்தில் இறங்கிய நாளில் இருந்தவாறே பதினைந்து ஆண்டுகள் கழித்தும் இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒட்டோமற்றிக் கியர் பொக்ஸில் எண்ணெய் என்பது தேய்மானத்தைக் குறைக்கும் பொருள் மட்டுமன்று. என்ஜினின் சுழற்சியை டோர்க் கொன்வேர்ட்டர் (என்ஜினுக்கும் கியர்களுக்கும் இடையே எண்ணெய் நிறைந்து சுழலும் உறுப்பு) வழியாகக் கியர்களுக்குக் கடத்துவது அந்த எண்ணெய்தான். கிளச் தட்டுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கும் அமுக்கம் அதன் வழியாகவே செல்கிறது. உள்ளே உண்டாகும் வெப்பத்தை ரேடியேற்றரில் உள்ள குளிராக்கிக்குச் சுமந்துசெல்வதும் அதுவே. தட்டுகள் அதிர்வின்றிப் பற்றிக்கொள்வதற்காக அதில் சேர்க்கப்படும் இரசாயனங்கள் பாவனையில் படிப்படியாகச் செலவாகிவிடுகின்றன. அவை தீர்ந்துபோன எண்ணெய், பார்வைக்கு எண்ணெயாக இருந்தாலும், செய்ய வேண்டிய வேலையைச் செய்வதில்லை. கியர் மாறும்போது ஒரு சிறு உதைப்பு, "டி"யில் போட்ட பின் வாகனம் நகரச் சற்றுத் தாமதம், 40 கிலோமீற்றர் வேகத்தை அண்டியதும் ஓர் அதிர்வு என்று தொடங்குவது இப்படித்தான். அந்த வேளையில் கவனித்தால் எண்ணெய்ச் செலவோடு முடியக்கூடிய காரியம், ஓராண்டு தள்ளிப்போட்டால் பஞ்சிகாவத்தையில் பழைய கியர் பொக்ஸ் தேடி அலையும் காரியமாகிவிடுகிறது.

நம் நகரத்து வீதிகள் இந்த எண்ணெய்க்கு மிகக் கடுமையானவை. எண்ணெயின் வெப்பநிலை 80 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் அது நீண்டகாலம் உழைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகிறது என்பது பொறியியலாளர்கள் கைக்கொள்ளும் பொதுவான கணிப்பு. அப்படியானால் 100 பாகையில் ஓடும் எண்ணெய்க்குக் காற்பங்கு ஆயுளே எஞ்சுகிறது. மாலை நேரத்தில் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை காலி வீதியில் ஊர்ந்துசெல்லும் ஒரு காரை எண்ணிப்பாருங்கள். என்ஜின் தொடர்ந்து சுழல்கிறது, சக்கரம் நிற்கிறது, அந்த வித்தியாசம் முழுவதும் டோர்க் கொன்வேர்ட்டருக்குள் வெப்பமாக மாறுகிறது. வாகனத்தின் முகப்பில் மோதும் காற்றும் இல்லை. விடுமுறைக்குக் குடும்பத்தோடும் பொதிகளோடும் கடுகண்ணாவை ஏற்றத்திலோ றம்பொடை வளைவுகளிலோ ஏறும்போதும் இதே நிலைதான். ஜப்பானிய உற்பத்தியாளர்களின் பராமரிப்புக் கையேடுகளில் "கடும் பாவனை" என்றொரு தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு பயணத்தில் 8 கிலோமீற்றருக்குக் குறைவாக அடிக்கடி ஓடுவதும், ஓடும் தூரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் மலைப்பாதையாக இருப்பதும் அதில் அடங்கும். கொழும்புக் கார்களில் பெரும்பாலானவை முதலாவது காரணத்தாலேயே அந்தப் பிரிவுக்குள் வந்துவிடுகின்றன. ஆனால் அந்தக் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கிறது. வாங்கியவர் அதைத் திறந்தும் பார்ப்பதில்லை.

"ஆயுள் முழுவதற்கும் ஒரே எண்ணெய்" என்று சில வாகனங்களைப் பற்றிச் சொல்லப்படுவதையும் இந்த இடத்தில்தான் நோக்க வேண்டும். யாருடைய ஆயுள், எத்தனை ஆண்டு ஆயுள் என்பதைக் கேட்காமல் அந்த வாக்கியத்தை நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஜப்பானில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளோடு பலர் வாகனத்தைக் கைவிட்டுவிடுவார்கள். இங்கே அந்த வயதில்தான் அதற்கு இரண்டாவது உரிமையாளர் கிடைக்கிறார்.

இனி, எண்ணெய் மாற்றினால் கியர் பொக்ஸ் கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு வருகிறேன். அதில் ஒரு துளி உண்மை இருப்பதை மறைக்க நான் விரும்பவில்லை. கிளச் தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்துபோன கியர் பொக்ஸில், தட்டுகளிலிருந்து உதிர்ந்த துகள்கள் பழைய எண்ணெயில் கலந்திருந்து ஓரளவு பிடிமானத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். புதிய எண்ணெய் ஊற்றியதும் அந்தப் பிடிமானம் போய், தட்டுகள் வழுக்கத் தொடங்கும். இன்னொன்று, இயந்திரத்தை இணைத்து அமுக்கத்தோடு கழுவும்போது அடியில் படிந்திருந்த அழுக்குக் கிளம்பி, வால்வுகளின் நுண்ணிய வழிகளில் சிக்கிக்கொள்ளும். இவ்விரண்டு சந்தர்ப்பங்களிலும் பழி புதிய எண்ணெயின் மேல் விழுகிறது. தட்டுகளைத் தேயவிட்டதும் அழுக்கைப் படியவிட்டதும் மாற்றாமல் விட்ட பழைய எண்ணெய்தான் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

இதற்கு ஒரு பொறுமையான வழி இருக்கிறது. அடியிலுள்ள ஆணியைக் கழற்றி, தானாக வடிவதை மட்டும் வடியவிட்டு, வடிந்த அளவையே திரும்ப ஊற்ற வேண்டும். டோர்க் கொன்வேர்ட்டருக்குள் இருப்பது வடியாது என்பதால், பல வாகனங்களில் ஒரு தடவைக்கு மொத்த எண்ணெயில் பாதிக்கும் குறைவாகவே வெளியேறும். 40 சதவீதம் வெளியேறுவதாக வைத்துக்கொண்டால், இதே வேலையைச் சில ஆயிரம் கிலோமீற்றர் இடைவெளியில் மூன்று தடவை செய்தபின் உள்ளே இருப்பதில் ஏறத்தாழ 78 சதவீதம் புதிய எண்ணெயாகிவிடும். பழையதும் புதியதும் மெதுவாகக் கலப்பதால் கியர் பொக்ஸுக்கு அதிர்ச்சி இல்லை. அடித்தட்டைக் கழற்ற நேர்ந்தால் அதிலுள்ள காந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறக் களிம்பு படிந்திருப்பது இயல்பு. கையில் குத்தும் உலோகத் துண்டுகள் கிடந்தால் மட்டும் எண்ணெய் அந்த நோயைத் தீர்க்காது. கருகிய மணம் கடுமையாக வீசினாலும் அப்படித்தான். அந்த நிலையில் உரிமையாளரிடம் வேலை தொடங்குமுன்பே உண்மையைச் சொல்லிவிடுவது நேர்மை.

என் 2004ஆம் ஆண்டுக் கொரோலாவில் 2012 முதல் இவ்வாறுதான் செய்துவருகிறேன். இன்றுவரை கியர் பொக்ஸ் திறக்கப்பட்டதில்லை.

மாற்றாமல் விடுவதைவிட விரைவாக அழிவைக் கொண்டுவருவது பிழையான எண்ணெய். என் மைத்துனரிடம் பட்டி வகைக் கியர் பொக்ஸ், அதாவது சி.வி.டி., பொருத்திய சிறிய கார் ஒன்று இருந்தது. புறநகரில் ஒரு சேர்விஸ் நிலையத்தில், "எல்லா ஒட்டோவுக்கும் இதுதான்" என்று சொல்லிப் பீப்பாயிலிருந்து அளந்து சிவப்பு எண்ணெய் ஊற்றிவிட்டார்கள். சில மாதங்களுக்குள் ஏற்றத்தில் இரைச்சல் எழுந்தது, பிறகு வாகனம் வேகமெடுக்க மறுத்தது, கடைசியில் கியர் பொக்ஸ் முழுவதையும் மாற்ற வேண்டி வந்தது. பற்றுச்சீட்டில் "கியர் ஒயில்" என்ற இரண்டு சொற்களே இருந்தபடியால், என்ன ஊற்றப்பட்டது என்பதை நிரூபிக்க அவரால் முடியவில்லை. அவர் ஓய்வூதியத்தில் வாழ்பவர். அந்தச் செலவுக்காக அவர் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்ததே இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது.

சி.வி.டி.யில் படிப்படியான கியர்கள் இல்லை. இரண்டு கப்பிகளுக்கிடையே ஓர் உருக்குப் பட்டி ஓடுகிறது. உருக்கு உருக்கை வழுக்காமல் பற்றிக்கொள்ள வேண்டும், அதேவேளை தேயவும் கூடாது என்பதால், அதற்கென்று தனியாக ஆக்கப்பட்ட எண்ணெய் தேவை. சாதாரண ஒட்டோ எண்ணெயை ஊற்றினால் பட்டி வழுக்கும், வழுக்கிய இடத்தில் கப்பியின் முகம் கீறப்படும், கீறப்பட்ட கப்பி பட்டியைத் தின்றுவிடும். நிசானின் சி.வி.டி.களுக்கு என்.எஸ்-2 அல்லது என்.எஸ்-3, ஹொண்டாவின் பழைய சி.வி.டி.களுக்கு எச்.எம்.எம்.எஃப், பின்வந்தவற்றுக்கு எச்.சி.எஃப்-2, டொயோட்டாவுக்கு ரி.சி. அல்லது எஃப்.ஈ. என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. படிநிலைக் கியர் கொண்டவற்றிலும் வேறுபாடு இருக்கிறது. டொயோட்டாவின் ரி-4 எண்ணெயும் அதற்குப் பின்வந்த டபிள்யூ.எஸ். எண்ணெயும் தடிப்பில் வேறானவை. ஒன்றுக்குப் பதிலாக மற்றதை ஊற்றலாகாது. ஹொண்டாவோ தன் பழைய இசட்-1க்குப் பதிலாக டி.டபிள்யூ-1ஐப் பாவிக்கலாம் என்று தானே அறிவித்திருக்கிறது. இந்த வேறுபாடுகளைச் சாதாரண உரிமையாளர் மனனம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அவற்றைத் தெரிந்திருக்க வேண்டியவர் எண்ணெயை ஊற்றிப் பணம் வாங்குபவர்.

அளவு பார்ப்பதிலும் இதே குழப்பம் காணப்படுகிறது. பழைய டொயோட்டாக்களில் வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, சூடாக இருக்கும்போது, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் அளவுக்கோலைப் பார்க்க வேண்டும். ஹொண்டாவில் என்ஜினை நிறுத்திய ஓரிரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஒன்றின் முறையை மற்றதற்குக் கைக்கொண்டால், சரியாக இருக்கும் எண்ணெயைக் கூட்டியோ குறைத்தோ கெடுத்துவிடுவோம். அளவுக்கோலே இல்லாத வாகனங்களில் எண்ணெயின் வெப்பநிலையைக் கருவியால் அறிந்து, குறித்த வெப்பத்தில் வழிந்தோடும் துளை வழியாக அளவைச் சரிசெய்ய வேண்டும். அந்தக் கருவி இல்லாத இடத்தில் அத்தகைய வாகனத்தை ஒப்படைக்க வேண்டாம்.

உரிமையாளர்கள் அறிந்திருக்க வேண்டிய வேறு சில ஆபத்துகளும் உண்டு. வழியில் நின்றுவிட்ட ஒட்டோமற்றிக் காரை, செலுத்தும் சக்கரங்கள் தரையில் உருள, கயிறு கட்டி நெடுந்தூரம் இழுப்பது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. கியர் பொக்ஸின் எண்ணெய்ப் பம்பை ஓட்டுவது என்ஜின் என்பதால், என்ஜின் நின்றிருக்கையில் உள்ளே சுழலும் பாகங்கள் எண்ணெயின்றிக் காய்ந்தே சுழல்கின்றன. 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் மூழ்கியதுபோல் நீரில் மூழ்கும் வாகனங்களில், கியர் பொக்ஸின் காற்றுத் துளை வழியாக நீர் உள்ளே செல்லக்கூடும். என்ஜின் ஒயிலை மாற்றியவுடன் ஓட்டத் தொடங்கிவிடாமல் இதையும் பார்க்க வேண்டும். பழைய ரேடியேற்றருக்குள் குளிராக்கி வெடித்தால், குளிர்நீரும் எண்ணெயும் கலந்து இளஞ்சிவப்புப் பால்போல் ஆகிவிடும். அதைக் கண்டால் வாகனத்தை ஒரு கிலோமீற்றர்கூட ஓட்டாதீர்கள். அந்த நீர் கிளச் தட்டுகளின் ஒட்டுப் பசையைக் கழற்றிவிடும்.

இனி என் கோரிக்கைகள். சேர்விஸ் நிலையங்களும் கராஜ்களும் கியர் எண்ணெய் மாற்றும்போது, அதன் முழுப் பெயர், தரக் குறியீடு, ஊற்றிய லீற்றர் அளவு, அன்றைய மீற்றர் எண் ஆகிய நான்கையும் பற்றுச்சீட்டில் எழுத வேண்டும். இதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. வடித்த எண்ணெயை உரிமையாளருக்குக் காட்டுவதும், புதிய எண்ணெயை மூடியிருந்த கொள்கலனிலிருந்து அவர் முன்னிலையில் ஊற்றுவதும் வழக்கமாக வேண்டும். மீண்டும் தொடங்கியுள்ள இறக்குமதியில் ஈடுபடும் வணிகர்கள், ஜப்பானியக் கையேட்டோடு தமிழிலும் சிங்களத்திலும் ஒரே ஒரு பக்கத்தை, அதாவது எந்த எண்ணெய், எத்தனை லீற்றர், கடும் பாவனையில் எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பதை, இணைத்துக் கொடுக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இதற்கான பணிப்புரை ஒன்றை வெளியிடுவது குறித்து ஆராய வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் வீதிகளில் அதிகம் காணப்படும் பழைய கார்களுக்குரிய எண்ணெய்ப் பெயர்களை, உற்பத்தியாளர்களின் கையேடுகளைப் பார்த்து ஓர் அட்டவணையாக எழுதி வைத்திருக்கிறேன். தங்கள் வாகனப் பக்கத்தில் இடமிருந்தால், அறிந்த ஒருவரைக் கொண்டு சரிபார்த்து வெளியிடுவதற்காக அதை அனுப்பிவைக்க ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.