பேழைக் கதவில் இருக்கும் கூழைக்கடாவைக் கழற்ற வேண்டாம்

பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும் கோயில் திருப்பணிக் குழுவினருக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

தரை பெயர்ந்து கிடக்கிறது, மழை பெய்தால் பீடத்துக்குப் பக்கத்திலேயே ஒழுகுகிறது. திருப்பணி அவசியம்தான், கிரானைட் போடுவதிலும் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இயேசுவின் உடலாக நாம் வணங்கும் அப்பத்தை வைத்திருக்கும் நற்கருணைப் பேழையின், பறவை செதுக்கிய பழைய மரக் கதவை எடுத்துவிட்டு, கதிர் போட்ட பித்தளைக் கதவு வைக்கப் பேசி முடித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். "அது கொக்கா கழுகா என்றே தெரியவில்லை, பைபிளிலும் அந்தக் கதை இல்லை, எதற்கு அது?" என்று கூட்டத்தில் கேட்டார்களாம். நியாயமான கேள்வி. இத்தனை வருடமாக யாரும் நமக்கு எடுத்துச் சொல்லவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

அந்தக் கதவை ஒரு தடவை பக்கத்தில் போய்ப் பாருங்கள். தாய்ப்பறவை கழுத்தை வளைத்து அலகைத் தன் மார்பில் ஊன்றியிருக்கிறது. கீழே கூட்டில் மூன்று குஞ்சுகள் வாய் பிளந்து நிற்கின்றன. மார்பிலிருந்து துளித்துளியாக இரத்தம். திருவிழாவுக்குத் திருவிழா அடித்த எனாமல் பெயிண்டில் அந்தத் துளிகள் மூழ்கிப்போய், விரலால் தடவினால்தான் தட்டுப்படுகின்றன. அது கொக்கும் இல்லை, கழுகும் இல்லை. பெலிக்கன் என்று சொல்கிறோமே, அந்தக் கூழைக்கடா. ஐரோப்பாவில் இதைச் செதுக்கிய பலர் உயிருள்ள கூழைக்கடாவைப் பார்த்ததே இல்லை. அதனால் அலகுக்கு அடியில் தொங்கும் பையை விட்டுவிட்டு, கழுகு மாதிரியோ அன்னம் மாதிரியோ செதுக்கினார்கள். அந்த மாதிரியைப் பார்த்துச் செய்த நம் கதவிலும் பை இல்லை.

கதை மிகப் பழையது. கிறிஸ்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் எழுந்த 'பிசியோலோகஸ்' என்ற விலங்குக் கதைத் தொகுப்பில் அது வருகிறது. கூழைக்கடா தன் குஞ்சுகள் மேல் உயிரையே வைத்திருக்குமாம். குஞ்சுகள் வளர்ந்ததும் பெற்றோரின் முகத்திலேயே கொத்துமாம். பெற்றோர் கோபத்தில் திருப்பி அடிக்க, குஞ்சுகள் செத்துப்போகும். அப்புறம் மனம் தாங்காமல் மூன்று நாள் அழுது, மூன்றாம் நாள் தாய் தன் விலாவைக் கிழித்து, வழியும் இரத்தத்தைச் செத்த குஞ்சுகள் மேல் விடும். அவை உயிர் பெற்று எழும்.

இதைக் கேட்ட அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. கடவுளை எதிர்த்து அடித்த பிள்ளைகள், அதனால் வந்த சாவு, மூன்றாம் நாள், ஈட்டி பாய்ந்த விலா, அதிலிருந்து வழிந்த இரத்தம், திரும்பக் கிடைத்த உயிர். புனித வெள்ளி முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை நாம் மூன்று நாளாகக் கொண்டாடுவது முழுவதும் ஒரு பறவைக்குள் அடங்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் கதையை மென்மையாக்கினார்கள். பஞ்ச காலத்தில் இரை கிடைக்காத தாய், பசித்த குஞ்சுகளுக்குத் தன் இரத்தத்தையே ஊட்டியது என்று சொன்னார்கள். அதுவே நற்கருணையின் அடையாளம் ஆயிற்று. 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இயற்றியதாகச் சொல்லப்படும் நற்கருணைப் பாடல், இயேசுவை 'இரக்கமுள்ள கூழைக்கடாவே' என்றே அழைக்கிறது. அவருடைய இரத்தத்தின் ஒரு துளி உலகம் முழுவதன் பாவத்தையும் போக்கப் போதும் என்கிறது. நம் கதவில் பெயிண்டுக்கு அடியில் கிடப்பது அந்தத் துளிதான். இந்தப் பறவையைப் பேழைக் கதவிலும் பீடத்தின் முகப்பிலும் செதுக்கியது அழகுக்காக மட்டும் இல்லை, உள்ளே யார் இருக்கிறார் என்று சொல்வதற்காக.

நம் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) சபை உறவுக்காரர்களுக்கும் இது அந்நியம் இல்லை. 1611இல் அச்சான ஆங்கில பைபிளின் முகப்புப் பக்கத்திலேயே குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் கூழைக்கடா இருக்கிறது.

"அப்படி எந்தப் பறவையும் செய்யாது, மூடநம்பிக்கையைப் பேழையில் வைக்கலாமா?" என்று இளைஞர் ஒருவர் கேட்டதாகவும் சொன்னார்கள். செய்யாதுதான். பையில் மிஞ்சிய மீனை வெளியே தள்ள அலகை மார்போடு அழுத்துவதைப் பார்த்து இந்தக் கதை பிறந்திருக்கலாம் என்று பறவை ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. அந்த இளைஞருக்கு முன்பே இந்தச் சந்தேகம் பழங்காலத் திருச்சபையின் பெரிய அறிஞரான புனித அகுஸ்தினாருக்கு வந்துவிட்டது. 102ஆம் திருப்பாடலில் பாழிடத்துப் பறவையைப் பற்றி ஒரு வரி வருகிறது. இலத்தீன் பைபிளில் அது கூழைக்கடா. அந்த வரிக்கு விளக்கம் சொல்லும்போது அவர் இந்தக் கதையை எடுத்து, இது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். உண்மையானால், தம் இரத்தத்தால் நமக்கு உயிர் தந்தவருக்கு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள் என்கிறார். பறவையைப் பற்றிய பாடமாக அவர் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. நாமும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வெளிநாட்டுச் சின்னம் என்கிறீர்கள். கதை வெளியிலிருந்து வந்ததுதான், பறவை நம் ஊருடையது. நம் திருநெல்வேலி மாவட்டத்தில், மூன்றடைப்பில் திரும்பிப் போனால் கூந்தன்குளம், கூழைக்கடாக்கள் வந்து கூடு கட்டும் ஊர். 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அரசு அறிவிக்கும் முன்பே அந்த ஊர் ஜனங்கள் அந்தப் பறவைகளைக் காப்பாற்றி வந்தார்கள். பேறுகாலத்துக்குத் தாய் வீடு வந்த மகளைப் போல நினைத்து, தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. குளத்து மரத்தில் மட்டுமா, தெருவுக்குள், வீட்டுப் புறவாசல் மரத்திலும் கூடு கட்டியிருக்கும். மாசி, பங்குனியில் போய் ஒரு மத்தியானம் நின்று பாருங்கள். தாய்ப்பறவை வந்து இறங்கி வாயைத் திறந்ததும், குஞ்சு தன் தலையைத் தொண்டை வரைக்கும் உள்ளே விட்டு இரை எடுக்கும். பார்க்கிறவர்களுக்குத் தாயின் கழுத்தே கிழிந்துவிடும் போல் இருக்கும். வெயில் ஏறியதும் அதே தாய் கூட்டின் மேல் இறக்கையை விரித்து நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கும். இவ்வளவு பக்கத்தில் இதை வைத்துக்கொண்டு, அந்தப் பறவையை அடையாளம் தெரியாதது என்று சொல்லிக் கழற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய பேழை பாதுகாப்பானது இல்லை என்று பேரவையில் ஓர் அண்ணாச்சி சொன்னது சரி. அசையாத, உறுதியான, உள்ளே தெரியாத, பூட்டிய பேழை வேண்டும் என்பது திருச்சபைச் சட்டமே. இரும்புப் பெட்டி செய்து சுவரில் பதியுங்கள். அதன் முகப்பில் இந்த மரக் கதவைப் பொருத்தினால் இரண்டும் நடக்கும். கதவில் கரையான் ஏறவில்லை, கீழ்க் கீல் ஒன்றுதான் ஆடுகிறது. பெயிண்டை எடுக்கும்போது மட்டும் மெஷின் வைத்துத் தேய்க்க விடாதீர்கள், துளிகளோடு சேர்ந்து போய்விடும். கையால் மெதுவாக உரித்து, வார்னிஷ் மட்டும் அடித்தால் போதும்.

இன்னொன்று. புது நன்மைக்கு, அதாவது முதல் தடவை நற்கருணை வாங்குவதற்கு, பிள்ளைகளைத் தயாரிக்கும் உபதேசியாரும் அருள்சகோதரிகளும் ஒரு சனிக்கிழமை அவர்களைக் கூந்தன்குளம் கூட்டிப்போய்விட்டு, திரும்பி வந்ததும் இந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்திக் கதையைச் சொல்லட்டும்.

பித்தளைக் கதவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று தெரியவில்லை. கொடுத்திருந்தால் அதை மெழுகுதிரித் தண்டுகளுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். மரக் கதவைச் சரிசெய்யும் ஆசாரியின் கூலியை எங்கள் குடும்பம் கொடுத்துவிடும். அடுத்த கூட்டத்தில் இந்த மடலை வாசித்துவிட்டு முடிவெடுங்கள். அதுவரை கதவு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பங்கு மக்களில் ஒருவர்