ஆங்கில ஆசிரியர்களுக்கு: சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆங்கில ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளிலும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களிலும் ஆங்கிலம் சொல்லித்தரும் உங்களிடம் ஒரு தமிழாசிரியையின் வேண்டுகோள் இது.

வங்கித் தேர்வுக்கும் எஸ்.எஸ்.சி.க்கும் படிக்கிற பிள்ளைகள் கையில் ஓர் அருஞ்சொல் பட்டியல் இருக்கிறது. ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் ஒரு வரிப் பொருள். விடிய விடிய நெட்டுருப் போடுகிறார்கள். தேர்வு முடிந்ததும் பாதி மறந்துபோகிறது. அந்தக் கடினமான சொற்களில் பெரும்பகுதி லத்தீனிலிருந்து வந்தவை. அவற்றை உடைத்துக் காட்டிக் கற்பியுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சொல்லை உடைப்பது நம் பிள்ளைகளுக்குப் பழகிய வேலை. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பகுபத உறுப்பிலக்கணம் எழுதி வருகிறார்கள். அவர்களிடம் 'ப்ரோகிராஸ்டினேட்' என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். லத்தீனில் 'கிராஸ்' என்றால் நாளை; அதுதான் பகுதி. 'டினுஸ்' சேர்ந்தால் 'நாளைக்குரிய' என்றாகும். 'ப்ரோ' முன்னே தள்ளுவதைச் சொல்கிறது. கடைசியில் உள்ள 'ஏட்' வினை விகுதி. வேலையை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுவது என்ற பொருள் தானாக வந்துவிடும். நன்னூல் சொல்லும் ஆறு உறுப்புகளில் முன்னொட்டு இல்லை. அது ஒன்றைத்தான் நீங்கள் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

விகாரமும் அவர்களுக்குத் தெரியும். 'இன்விஸிபிள்', 'இம்பாஸிபிள்', 'இல்லீகல்', 'இர்ரெகுலர்' என்று நான்கு எதிர்மறை ஒட்டுகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வைக்கிறோம். இருப்பது 'இன்' ஒன்றுதான். வருமொழியின் முதலெழுத்தைப் பார்த்து அது திரிகிறது. 'மரம்' என்பதோடு 'கள்' சேரும்போது மகரம் ஙகரமாகத் திரிவதைப் படித்த பிள்ளைக்கு இது ஒரே நிமிடப் பாடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லத்தீன் என்றதும் தேவாலயமும் நீதிமன்றமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அது உழவர்களின் மொழியாகவும் இருந்தது. 'ரீவுஸ்' என்றால் ஓடை, வாய்க்கால். போட்டியாளரைக் குறிக்கும் 'ரைவல்' என்ற சொல் அதிலிருந்துதான் பிறந்தது. கி.பி. 533இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டத் தொகுப்பில், உல்பியன் என்ற சட்ட அறிஞர் ஒரே வாய்க்காலில் நீர் எடுப்பவர்களையே 'ரிவாலெஸ்' என்கிறார். தண்ணீரை யார் பயன்படுத்துவது என்று அவர்களுக்குள் எழும் வழக்கைப் பற்றி அங்கே பேசுகிறார். கடைமடை ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு இதற்குமேல் விளக்கம் தேவையா?

'டெலிரியம்' என்பதில் உள்ள 'லீரா' உழவு சால். ஏர் சாலை விட்டு விலகுவதுதான் புத்தி தடுமாறுவதற்குப் பெயராயிற்று. 'ட்ரிபுலேஷன்', அதாவது பெருந்துன்பம், 'ட்ரிபுலும்' என்ற போரடிக்கும் பலகையிலிருந்து வந்தது. பலகையின் அடியில் கூரிய கற்களைப் பதித்து, களத்தில் பரப்பிய கதிர்மேல் மாடு பூட்டி இழுப்பார்கள். இதன் வேர், தேய்த்தல் என்ற பொருள் தரும் 'டெரெரே'. 'அட்ரிஷன்' (தேய்மானம்), 'டெட்ரிமென்ட்' (கேடு), 'கான்ட்ரைட்' (மனம் நொந்து வருந்துகிற), 'ட்ரைட்' (சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன) எல்லாம் அதே குடும்பம்தான். பட்டியலில் இவை வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன.

வேரை மட்டும் நம்பினால் சறுக்கும் இடமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 'எக்ரீஜியஸ்' என்பது மந்தையிலிருந்து தனித்துத் தெரிவது. ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் அது பாராட்டு. இன்று படுமோசமான தவற்றைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இத்தாலியிலோ இன்றும் கடிதத்தில் 'எக்ரேஜோ' என்று மரியாதையாக விளிக்கிறார்கள். அதுபோல, 'சின்சியர்' என்பது 'மெழுகு பூசாத' என்ற பொருளில் பிறந்ததாக ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சொல்லாய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. நல்ல அகராதியில் சரிபார்க்காமல் எந்தக் கதையையும் வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம்.

ஒரு பாடவேளைக்கு ஐம்பது சொல் என்பதை ஐந்து வேர்களாகக் குறைத்துப் பாருங்கள். புணர்ச்சி விதியையோ விகாரத்தையோ நினைவூட்ட வேண்டியிருந்தால் பக்கத்து வகுப்பில் இருக்கும் தமிழாசிரியரைக் கூப்பிடுங்கள். உங்கள் கரும்பலகையில் எழுதிக் காட்ட நாங்கள் மகிழ்ச்சியோடு வருவோம்.

அன்புடன்,
ஒரு மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியை