அம்புக்குத் தோள் குறியல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒன்ராறியோவின் கருங்கரடி வேட்டை பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், 'தோளைப் பார்த்து அடிக்க வேண்டும்' என்றொரு வரி இருந்தது. துவக்கோடு போகிறவருக்கு அது பொருந்தலாம். கட்டுரையாளர் வில்லுக்கும் சேர்த்து அதையே சொல்லிவிட்டார். நான் வில்லோடு போகிறவன். இந்த வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

துவக்குக் குண்டு எலும்பை நொறுக்கிக்கொண்டு போகும். அம்பு அறுத்துத்தான் கொல்லும்; இரத்தம் இழந்தும் மூச்சு நின்றும் கரடி சாக வேண்டும். ஆகவே நமது குறி இரண்டு சுவாசப்பைகளும்தான். கரடி பக்கம் காட்டி நிற்க வேண்டும். நம் பக்கத்து முன்னங்கால் முன்னே எட்டி வைத்திருக்க வேண்டும். அந்தக் காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் பாதி உயரத்தில் அம்பு போக வேண்டும். மான் அடித்துப் பழகியவர்கள் காலை ஒட்டியே குறி பார்ப்பார்கள். கரடியின் தோள் எலும்பும் தசையும் தடித்தவை. அதில் பட்டால் அம்பு உள்ளே இறங்காமலே நின்றுவிடலாம். அதற்காக மிகவும் பின்னால் போனாலோ குடலில் படும். அந்தக் கரடி பற்றைக்குள் போய் மணிக்கணக்காக வேதனைப்பட்டுச் சாகும்.

வயிற்றின் கீழ் தொங்கும் மயிரும் கண்ணை ஏமாற்றும். நெஞ்சின் அடி, நாம் நினைப்பதைவிட மேலே இருக்கிறது. இலையுதிர் காலத்தில் கொழுப்பு தடித்திருக்கும். அது காயத்தை அடைக்க, மயிர் இரத்தத்தை உறிஞ்சிவிடும். நிலத்தில் ஒரு துளியும் இல்லாமல் அடிபட்ட கரடியைத் தேடுவது எவ்வளவு கொடுமை என்பது தேடியவர்களுக்குத் தெரியும். அம்பு மறுபக்கத்தால் வெளியே வந்தால்தான் தடம் கிடைக்கும். பரணை மிக உயரத்தில் கட்டி, நேர்கீழே நிற்கும் கரடிக்கு எய்தால் ஒரு சுவாசப்பை மட்டுமே அறுபடக்கூடும். சற்றே அப்பால் திரும்பி நின்றால் மறுபக்க முன்னங்காலை நோக்கி எய்யலாம். முகத்தைக் காட்டி நின்றால் எய்யவே கூடாது. தலையில் ஒருபோதும் வேண்டாம்.

கரடிக்கு எய்யும் வில்லுக்குக் குறைந்தது 22 கிலோ இழுவிசை வேண்டுமென்று மாகாண விதி சொல்கிறது. அம்புமுனையின் அகலத்துக்கும் விதி உண்டு. பொறுமைக்கு எந்த விதியும் இல்லை. தீனி வைத்த இடத்துக்குக் கரடி வந்ததும் கை பரபரக்கும். ஆனாலும் அது திரும்பி நிற்கும்வரை நாணை இழுக்காதீர்கள். வசந்த காலத்தில் இன்னும் ஒரு காரணம் உண்டு: குட்டிகளோடு திரியும் பெண் கரடியை அப்போது சுடுவது குற்றம். குட்டிகள் தாய்க்குப் பின்னால் தாமதித்தும் வரும்.

மே மாதம் பருவம் தொடங்குமுன் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கரடியின் சுவாசப்பை எங்கே இருக்கிறது என்று காட்டும் படமொன்றையும் சேர்த்துப் போட்டால் புதிதாக வில் எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு உதவும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சட்பரி, ஒன்ராறியோ